வெலிச்காவும் காணாமல் போன தூசியும்

பல்கேரியாவின் பூர்காஸ் துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கும் அந்த ஆய்வகத்தின் பெயர் வாசல் பலகையில் நான்கு வரி வரும். அந்தப் பெயரை வாங்க இயக்குநர் ஹிரிஸ்தோசொவ் ஆறு வருஷம் அமைச்சகத்துக்கு நடந்தார். அதனால் கடிதத் தலைப்பானாலும் கணினிக் கோப்புறையானாலும் முழுப்பெயரைத்தான் எழுத வேண்டும் என்பது உத்தரவு. யாரும் எதிர்த்ததில்லை. அதை எழுதும் நேரத்துக்கும் சம்பளம் உண்டு.

வெலிச்கா அங்கே இருபத்தாறு வருஷமாகக் கருவி பார்ப்பவள். தொழிற்பள்ளியோடு படிப்பு முடிந்தது. ஆனால் அந்தக் கட்டடத்தில் கணினி நிரலை ஓடும் வடிவத்துக்கு மாற்ற, அதாவது கம்பைல் செய்யத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். பிழைச் செய்தி வந்தால் முனைவர்கள் திரையை மூடிவிட்டுக் காபி குடிக்கப் போவார்கள். அவள் உட்கார்ந்து அதைப் படிப்பாள்.

அந்த வசந்தத்தில் வெளிநாட்டுப் பேராசிரியர் ஒருவர் எழுதிய பழைய நிரல் இலவசமாக வந்து சேர்ந்தது. காற்றில் மிதக்கும் உப்பு, புகை, தூசி இவற்றின் அளவைக் கொடுத்தால், அவை சூரிய ஒளியில் எவ்வளவைத் தடுக்கும் என்று அது கணக்குச் சொல்லும். முதல் நாள் கம்பைல் செய்தபோது நாற்பத்தொரு பிழை. புதிய கம்பைலருக்குப் பழைய எழுத்துமுறை பிடிக்கவில்லை. பொறுத்துக்கொள் என்று அதற்கு ஓர் ஆணை கொடுத்ததும் பிழை ஆறாகக் குறைந்தது. மீதி ஆறுக்கு ஒன்பது நாள் ஆனது.

பத்தாம் நாள் ஹிரிஸ்தோசொவ் அவள் மேசைக்கு வந்தார். அன்று திங்கட்கிழமை.

"தலைநகர்லேர்ந்து சோஃபியா ஆய்வகத்துக்காரங்க இந்த வேலைய அவங்களே செஞ்சுக்கறோம்னு கேக்கறாங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள நம்பற மாதிரி ஒரு கணக்கு காட்டுங்க வெலிச்கா. இல்லன்னா அங்க குடுத்துடறேன். நீங்க கீழ ஆவண அறைக்குப் போயிடலாம். அங்க ஆள் இல்ல."

"அங்க சன்னலும் இல்ல சார்."

"அதனாலதான் ஆள் இல்ல."

மறுநாள் காலை ஆப்பிரிக்காவிலிருந்து தூசி வந்து இறங்கியது. விடியலில் நாலு தூறல் போட்டு, ஊரிலுள்ள கார்களையெல்லாம் செங்கல் நிறமாக்கியது. மொட்டைமாடிக் கருவி சூரியனைப் பார்த்து 0.91 என்றது. அது பெரிய மூட்டம். நிரல் 0.04 என்றது. அது துடைத்துவிட்ட மாதிரி தெளிந்த வானம்.

ராலிட்சா இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். கணக்கைப் பயன்படுத்த வேண்டிய ஆராய்ச்சியாளர் அவள்தான்.

"அக்கா, தூசி அளவு சரியாத்தான் குடுத்தீங்களா?"

"மூணு தடவ குடுத்தேன்."

"உப்பு மட்டும் வச்சுப் பாத்தீங்களா?"

"உப்பு சரியா வருது. தூசியச் சேத்தாலும் அதே உப்புதான் வருது."

"அப்போ அதுக்குத் தூசி பிடிக்கல போல."

"எனக்குந்தான் பிடிக்கல. அதுக்காகக் கண்ணுக்குத் தெரியலங்கறேனா?"

அன்று மாலை வீட்டில் அவள் கணவன் பென்யோ சூப்பில் ரொட்டியைத் தோய்த்துக்கொண்டே விஷயத்தைக் கேட்டான். அவன் நகரப் பேருந்து ஓட்டுநர்.

"வானத்துல தூசி இருக்கான்னு தெரிய கம்ப்யூட்டர் எதுக்கு? என் பஸ்ஸ வந்து பாரு. ஒன்பது நாள் மிச்சம்."

"பஸ்ஸ சோஃபியாவுக்கு அனுப்ப முடியாதே."

"அனுப்பலாம். டிப்போல கையெழுத்து வாங்கணும்."

புதனும் போயிற்று. சூத்திரங்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தன. தவறு எங்கேயாவது இருந்திருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

வியாழன் காலை சூத்திரங்களை விட்டாள். எந்தெந்தக் கோப்பைத் திறக்கப் போகிறாய் என்று நிரலையே சொல்ல வைப்பதற்கு உள்ளே ஒரு வரி சேர்த்து மறுபடி கம்பைல் செய்தாள். திரையில் ஆய்வகத்தின் பெயர் ஓடியது. நெடுநேரம் ஓடி முடிந்த பிறகு, தூசியின் தன்மைகளை வைத்திருக்கும் அட்டவணைக் கோப்பின் பெயர் தொடங்கி, நடுவில் நின்றது.

கோப்புறைப் பெயரும் கோப்பின் பெயரும் சேர்ந்த முகவரிக்குப் பேராசிரியர் நூறு எழுத்து ஒதுக்கியிருந்தார். அவர் ஊரில் அது தாராளம். இங்கே ஆய்வகத்தின் பெயரே தொண்ணூற்று நாலைத் தின்றுவிட்டது. உப்பு அட்டவணைக்குப் பெயர் சின்னது. மிச்சத்தில் ஒண்டிக்கொண்டது. தூசி அட்டவணைக்குப் பெயர் நீளம், இடம் போதவில்லை. கோப்பு கிடைக்காதபோது நிரல் கூச்சல் போடவில்லை. அந்தச் சரக்கு காற்றில் இல்லை என்று எடுத்துக்கொண்டு மேலே போய்விட்டது.

வெலிச்கா இயக்குநர் அறைக்குப் போனாள்.

"சார், ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, ஃபோல்டர் பேரச் சுருக்கணும்."

ஹிரிஸ்தோசொவ் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "இன்னொண்ணு?"

"பேராசிரியரோட நிரல்ல கை வைக்கணும். நூற முந்நூறாக்கணும்."

"கை வைங்க."

"அவர்கிட்ட கேக்க வேண்டாமா?"

"நூறுன்னு வைக்கறப்ப அவர் என்னக் கேட்டாரா?"

அதில் என்ன நியாயம் என்று வெலிச்கா யோசிக்கவில்லை. ஓர் எண்ணை மாற்றி, கம்பைல் செய்து, ஓடவிட்டாள். 0.87 வந்தது. ராலிட்சா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அந்த எண்ணைத் தன் நோட்டில் எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டாள்.

வெள்ளிக்கிழமை காலையிலேயே அறிக்கை சோஃபியாவுக்குப் போனது. 'நிறுவியவர்' என்ற இடத்தில் வெலிச்காவின் பெயர். 'பட்டம்' என்ற கட்டத்தில் அவளே நேராக ஒரு கோடு இழுத்தாள். நூறு ஏன் முந்நூறானது என்பதையும் அரைப் பக்கம் எழுதியிருந்தாள்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு ஹிரிஸ்தோசொவ் மறுபடி அவள் மேசைக்கு வந்து நின்றார்.

"சோஃபியாலேர்ந்து போன் பண்ணாங்க. அவங்களும் அதே நிரலத்தான் ரெண்டு வருஷமா ஓட்டறாங்களாம்."

"சரி சார்."

"அவங்க ஆய்வகத்தோட பேரு நம்மளதவிட நீளம்."

வெலிச்கா நாற்காலியை அவர் பக்கம் திருப்பினாள்.

"ரெண்டு வருஷமா பல்கேரியால தூசியே இல்லன்னு கட்டுரை போட்டுட்டாங்க. நீங்க மாத்தினத அனுப்பச் சொல்றாங்க. எப்படிக் கம்பைல் பண்றதுன்னும் எழுதணுமாம்."

"ஆவண அறைக்குப் போறதுக்கு முன்னாடியா, போனதுக்கு அப்புறமா?"

"எந்த ஆவண அறை?" என்று கேட்டுவிட்டு ஹிரிஸ்தோசொவ் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.