ஒன்பது ஜோடியும் அம்மன் தேரும்

மூன்று சீட்டில் என்னை ஜெயித்தவன் டயகமவிலிருந்து அட்டன் வரைக்கும் ஒருத்தனும் இல்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன். ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். இன்றைக்கு என் சொந்த லொறி லீக்ஸ், கோவா என்று மரக்கறி ஏற்றிக்கொண்டு கொழும்புக்கு ஓடுகிறது. எதிரில் இருப்பவன் என்ன நினைக்கிறான் என்று கணிக்கத் தெரிந்ததால் வந்த லொறி அது.

போன வருஷம் எங்கள் தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் திருவிழா நெருங்கும்போது, தேர் இழுக்கிற தோட்டத்து டிரக்டர் படுத்துவிட்டது. லொறியையே தேராக்கிவிடலாம் என்று கோயில் கமிட்டி லொறி தேடியது. சின்ன வயதில் அந்தத் தேரைப் பின்னாலிருந்து தள்ளிய கூட்டத்தில் நானும் ஒருவன். இப்போது அம்மனை என் லொறியில் ஏற்றி, லயம் லயமாக, வீட்டு வரிசை ஒவ்வொன்றின் முன்னாலும், நான் ஓட்டிக்கொண்டு போக வேண்டும்! நினைத்தாலே நெஞ்சு விம்மியது.

ஆனால் தோட்டத்தில் இன்னொருவரிடமும் லொறி இருந்தது. என்னோடு வளர்ந்தவர், என்னைவிட மூத்தவர், அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். அவருக்கும் அதே ஆசை. தன் லொறி புதுசு என்றார் அவர். என் லொறிக்குத் தோட்டத்து வளைவெல்லாம் மனப்பாடம் என்றேன் நான். கமிட்டிக்காரர்கள் அலுத்துப்போய், நீங்களே பேசி முடித்துக்கொண்டு வாருங்கள் என்று எழுந்து போய்விட்டார்கள்.

“பேசி ஆவாது. சீட்டுல பாத்துக்குவமா?” என்றார் அண்ணன்.

வாழைப்பழத்தை உரித்து வாயில் வைத்த மாதிரி இருந்தது எனக்கு.

போயா தினம், பௌர்ணமி லீவு. எங்கள் இருவர் லொறியையும் பார்க்கிற சிங்கள மெக்கானிக்கை பாஸ் என்போம். அவருடைய கராஜுக்குள் உட்கார்ந்தோம். பூசாரி காதுக்கு எட்டக்கூடாது என்று கதவைச் சாத்தியாயிற்று. காசு கிடையாது; ஆளுக்கொரு நெருப்புப் பெட்டி, குச்சிதான் பந்தயம். யாருடைய குச்சி தீர்கிறதோ, அவர் அம்மனை மற்றவருக்கு விட்டுக்கொடுக்க வேண்டும். பாஸ் சீட்டுப் போட்டார்.

மூன்று சீட்டில் சீட்டு பாதி, ஆள் பாதி. கையில் ஒன்றுமில்லாதவனும் துணிந்து குச்சியை ஏற்றினால், நல்ல சீட்டுக்காரன் பயந்து சீட்டைக் கவிழ்த்து விலகிவிடுவான். அதனால் முதல் அரைமணி நேரம் நான் ஜெயிக்கப் பார்க்கவில்லை. அண்ணனைத்தான் பார்த்தேன். ஒரு முறை ஐந்து, ஆறு, ஏழு என்று வரிசை வந்தபோது அவர் அவசரப்படவே இல்லை. ஒவ்வொரு குச்சியாக வைத்து, என்னை உள்ளே இழுத்து, கடைசியில் மொத்தமாக அள்ளினார். நான் தோற்றேன், ஆனால் அந்தத் தோல்வியை மனதில் எழுதி வைத்துக்கொண்டேன்.

அப்புறம் அந்த ஆட்டம் வந்தது. எனக்கு இரண்டு ஒன்பது, ஒரு நாலு. பெரிய கை இல்லை, மோசமும் இல்லை. ஒரு குச்சி வைத்தேன். அண்ணன் தன் சீட்டைப் பார்த்தார். பார்த்த கையோடு, இருந்த குச்சியையெல்லாம் நடுவில் தள்ளினார். என்னிடம் இருந்ததும் ஏறக்குறைய அவ்வளவுதான். நானும் கட்டினால் இதோடு முடிவு.

“என்னா தம்பி, நடுங்குதா? கவுத்துட்டுப் போ. அம்மன நான் பத்திரமா பாத்துக்குறேன்.”

என் மூளை பறந்தது. நல்ல கை வந்தபோது ஒவ்வொரு குச்சியாக வைத்து என்னை இழுத்தவர், இப்போது ஏன் ஒரேயடியாக விரட்டுகிறார்? லீக்ஸ் வாங்கப் போகிற இடத்திலும் இதுதான். நல்ல பாத்தி வைத்திருப்பவன் நிதானமாக நிற்பான். அடியில் அழுகல் உள்ளவன்தான் சீக்கிரம் சீக்கிரம் என்பான்.

அண்ணன் கையைப் பார்த்தேன். பாஸ் வீட்டிலிருந்து பிளேன்டீ வந்திருந்தது. சீனியைக் கலக்காமல் உள்ளங்கையில் கொட்டி, நக்கிக்கொண்டே குடிப்பது எங்கள் லயத்துப் பழக்கம். முன்பு வரிசை வந்தபோது அண்ணன் அந்தச் சீனியை ரசித்து ரசித்து நக்கினார். இப்போது அதை மறந்து கையை மூடியிருந்தார். அந்தக் கையால் சீட்டைச் சரிசெய்யப் போனார், சீட்டு விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது. வெளியே பனிமூட்டம், எனக்கு விரல் விறைத்துக் கிடக்கிறது. இவர் கையில் சீனி பாகாகியிருக்கிறது!

நல்ல சீட்டுக்கும் கை வேர்க்கும், அது எனக்குத் தெரியும். வேர்வையை மட்டும் நம்பியிருந்தால் நான் முட்டாள். வேர்வையும் அவசரமும் பேச்சும் ஒரே பக்கம் கை காட்டின. ஒன்பது ஜோடி போதும் என்று முடிவு செய்தேன். என் பெட்டியில் இருந்த குச்சியையெல்லாம் நடுவில் கொட்டினேன்.

“காட்டுங்கண்ணே.”

அவர் காட்டவில்லை. பாஸ்தான் அவர் கையில் ஒட்டிய சீட்டைப் பிய்த்தெடுத்துத் திருப்பினார். ராணி, ஏழு, மூன்று. ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை, எந்த ஜோடிக்கும் முன்னால் நிற்காது. நான் எழுந்து குதித்ததில் நட்டு, போல்ட் போட்டிருந்த டப்பா கொட்டிப்போனது.

அண்ணன் கையைக் கழுவிவிட்டு வந்து, “ஒம்பதுக்கா இவ்வளவு தைரியம்?” என்று மட்டும் கேட்டார்.

திருவிழாவன்று அம்மன் என் லொறியில் ஏறினாள். தவில் முழங்க, முதல் கியரில், ஆள் நடக்கிற வேகத்தில் ஓட்டினேன். ஏற்றம் தொடங்கும் இடத்தில் கண்ணாடியில் பார்த்தால் அண்ணன் பின்சக்கரத்தோடு நடந்து வருகிறார், லொறி உருளாமல் டயருக்கு முட்டுக்கொடுக்கிற கட்டையைத் தூக்கிக்கொண்டு. யாரும் சொல்லவில்லை, அவராக வந்தது. மடித்துக் கட்டிய பட்டு வேட்டியில் சேறு.

எனக்கு அந்தக் கட்டை தேவையில்லை. இந்த மலையில் ஓர் அங்குலம்கூட லொறியைப் பின்னால் விட்டவன் இல்லை நான். இருந்தாலும் மேல்லயத்து வளைவில், பூசைத்தட்டோடு நின்றவர்கள் முன்னால், நிறுத்தினேன். தலையை வெளியே நீட்டி எல்லோருக்கும் கேட்கிற மாதிரிக் கத்தினேன்:

“அண்ணே, கட்டையப் போடுங்க. நீங்க போட்டாத்தான் அம்மா நிப்பா.”

குனிந்து போட்டார். லொறி நின்றது.