ஒல்லித் தோட்டா

கம்பெனிகளுக்குச் சம்பளப் பணம் கொண்டுபோகும் வேனை ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடத்துக்கு நான் ஓட்டிய காலத்தில், பக்கத்து சீட்டில் இரட்டைக்குழல் துப்பாக்கியோடு வந்தவர் அவர். நரைத்த மீசை, இஸ்திரி கலையாத சட்டை. தினமும் ஏறுமுன் துப்பாக்கியை மடக்கித் திறந்து, இரண்டு குழல் வழியாகவும் வானம் தெரிகிறதா என்று பார்ப்பார். பிறகுதான் தோட்டா போடுவார்.

ஒருநாள், பழைய தோட்டாக்கள் மழையில் நமுத்துவிட்டதால் ஆபீசில் புதிது கொடுத்தார்கள். ஒன்றை விரலில் உருட்டிப் பார்த்தவர் அத்தனையையும் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"ஒல்லியா கீது சார். இது வேற துப்பாக்கிக்கு. உள்ள வழுக்கினு போய் மாட்டிக்கும். தெரியாம பின்னாடி இன்னொண்ணு போட்டுச் சுட்டா, குழல் வெடிச்சு என் கைதான் போவும்."

"இத்தினி வருசத்துல ஒரு தபாவாவது சுட்டுகீறியா? போட்டுகினு கெளம்புய்யா," என்றார் சூப்பர்வைசர்.

அவர் போடவில்லை. காலித் துப்பாக்கியோடு ஏறி உட்கார்ந்தார். நான் சாவியைத் திருகாமல் கேட்டேன்.

"அண்ணே, எவனாச்சும் மறிச்சா?"

"காலின்னு அவனுக்கு எப்படிப்பா தெரியும்? நீ மூஞ்சிய மட்டும் சரியா வெச்சுக்கோ."

ஒரகடம் வரை கண்ணாடியில் என் மூஞ்சியைப் பார்த்துக்கொண்டேதான் ஓட்டினேன். அவர் பாதி வழியிலேயே தூங்கிவிட்டார். எப்படித்தான் தூக்கம் வந்ததோ, இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.