தலைகீழாகத் தொங்கிய செடி

சித்திக்குப் பேசிய இரண்டு சம்பந்தங்கள் பேச்சோடு நின்றுபோனதும், எல்லாம் கண்ணேறுதான் என்று அம்மா முடிவு கட்டிவிட்டாள். அம்மா ஒன்றை முடிவு செய்துவிட்டால் எங்கள் ஊர் எம். புதுப்பட்டியே திரண்டு வந்தாலும் மாற்ற முடியாது.

சித்தி அம்மாவின் தங்கை, எங்களோடுதான் இருந்தாள். தினமும் வேனில் சிவகாசிக்குப் போய்க் காலண்டர் ஒட்டும் வேலை பார்த்தாள். ஒருநாள் உள்ளங்கைக்குள் அடங்கும் செடி ஒன்றைக் கொண்டுவந்தாள். தடித்த சின்ன இலைகள் வட்டமாக அடுக்கிப் பூப்போல விரிந்திருந்தன. இலை முதுகில் வெள்ளை வரிகள். "கம்பெனியில எல்லாருக்கும் குடுத்தாக" என்றாள். அதன் பக்கத்தில் என்னைத் தும்மக்கூட விடமாட்டாள்.

அம்மா கண்ணுக்கு அது கற்றாழைக் குட்டி. மூன்றாவது மாப்பிள்ளை பார்க்க வருவது உறுதியானதும், முகம் கறுத்துவிடும் என்று சித்தியை வேலைக்குப் போகவிடாமல் நிறுத்தினாள். செடியை வேரோடு பிடுங்கி, படிகாரத்தோடு கறுப்புக் கயிற்றில் கட்டி, வாசல் நிலையில் தலைகீழாகத் தொங்கவிட்டாள்.

அழுதது நான்தான். "கத்தாழ சாகாதுடி, போ அங்கிட்டு" என்றாள் அம்மா. தெருவுக்கே இரண்டு செல்போன் இருந்த காலம். சித்தி யாரிடமும் எதுவும் சொல்ல வழியில்லாமல் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். நீயே இறக்கச் சொல்லேன் என்றேன். "நான் கேட்டா எல்லாம் கெட்டுப்போகும்" என்றாள். பாவமாக இருந்தது.

பத்தாம் நாள் தரகரோடு மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். மாப்பிள்ளையும் சிவகாசியில் அச்சு மெஷின் ஓட்டுபவராம். செருப்பைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தவர் கண் தொங்கிய செடியில் நின்றது.

"வாரம் ஒருக்கா தண்ணி ஊத்தச் சொன்னேனே, இதையா கெட்டித் தொங்க விட்டிருக்கீக?" என்றவர் சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டார்.

நிலைக்கு உள்ளே நின்ற சித்தி முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். அம்மா அவரைப் பார்த்தாள், செடியைப் பார்த்தாள், சித்தியை வெகுநேரம் பார்த்தாள். பிறகு, "வெயில்ல வந்திருக்கீக, உள்ள வாங்க" என்றாள்.

அவர்கள் பூ வைத்துவிட்டுப் போனதும் அம்மாவே ஸ்டூலில் ஏறிக் கயிற்றை அறுத்து, செடியைத் தொட்டியில் நட்டாள். அதற்குள் ஏன் இறக்கினாய் என்று அப்பா கேட்டார்.

"பட வேண்டிய கண்ணு பட்டுருச்சு" என்றாள் அம்மா.

ஐயோ, சித்திக்குக் கண்ணேறு பட்டேவிட்டதா! அடுப்படிக்கு ஓடி உப்பும் மிளகாயும் அள்ளிவந்து, சிரிப்பை அடக்க முடியாமல் குலுங்கிய சித்தியை நிற்கவைத்து, மூன்று முறை சுற்றிப்போட்டேன்.