ஈரப்பாறைக்கு வழி காட்டியவள்

காட்டுக்குத் தானும் வருவதாக ஜெகதீஸ்வரன் மாமா சொன்னபோது நர்மதா முதலில் நம்பவில்லை. அவர் திருச்செங்கோட்டில் ரிக் வண்டி வைத்து ஊர் ஊராகப் போர்வெல் போடுகிறவர். அக்கா மகள் தவளைகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள் என்று தெரிந்த நாளிலிருந்து, விசேஷ வீடுகளில் பந்தி நடுவே, "எங்கேப்பா நம்ம தவள டாக்டரு? ஊசி கீசி போட்டாச்சா?" என்று கேட்டு எல்லாரையும் சிரிக்க வைப்பார்.

நர்மதா ஜேடர்பாளையத்துப் பெண். மஞ்சளும் கரும்பும் வைக்கிற குடும்பம். ஏற்காட்டு மலையில் காப்பித் தோட்டங்களுக்கு நடுவே மிஞ்சியிருக்கும் மழைக்காட்டுத் துண்டு ஒன்றில் மூன்றாம் வருடமாக வேலை செய்துகொண்டிருந்தாள். எப்போதும் பஸ்ஸில்தான் போவாள். அந்த ஏப்ரல் ஞாயிற்றுக்கிழமை மட்டும் மாமாவின் கார் வந்தது.

"பஸ்ஸுல எதுக்கு சாமி கசங்கற? நா கூட்டிட்டுப் போறேன். அப்படி என்னத்தத்தான் பண்றேன்னு பாக்கோணும்."

அம்மா நல்லம்மாளுக்கு வாயெல்லாம் பல். "எந்தம்பிக்கு இப்பத்தான் புத்தி வந்திருக்குது" என்று புளிசோறு கட்டிக் கொடுத்தாள்.

கொண்டப்பநாயக்கன்பட்டியில் டீ குடித்துவிட்டு மலை ஏறினார்கள். தோட்டத்துச் சாலையில் கன்றுகளோடு காட்டெருமைக் கூட்டம் நின்றது. ஹாரனுக்குப் போன மாமாவின் கையை நர்மதா பிடித்துக்கொண்டாள். முழங்காலுக்குக் கீழே எல்லாவற்றுக்கும் வெள்ளை நிறம்.

"சாக்ஸ் போட்டு ஸ்கூலுக்குப் போகுதாட்ட இருக்குது" என்றார் மாமா, குரலைத் தாழ்த்தி.

காட்டுக்குள் நுழைந்ததும் வெயில் தொலைந்தது. ஒரு மலையணில் தன் உடம்பைவிட நீளமான வாலைத் தொங்கவிட்டு, கடித்த பழத்தை அவர்கள் மேலேயே போட்டது. மக்கிய கட்டையைப் புரட்டியபோது அடியில் ஒரு மண்பாம்பு. அரிவாளால் சீவியதுபோல அதற்கு மொட்டை வால். மாமா குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"மாமா, அசையாதீங்க."

"ஏனம்மிணி?"

"அசையாதீங்கன்னா அசையாதீங்க. அப்படியே எடதுபக்கமா ஒரு எட்டு வாங்க."

வந்த பிறகு திரும்பிப் பார்த்தார். அவர் காது இருந்த உயரத்தில், கிளையோடு கிளையாகப் பச்சை விரியன் சுருண்டிருந்தது. மாமா சட்டைப் பொத்தானைத் திறந்து நெஞ்சில் ஊதிக்கொண்டார்.

"பாம்புன்னு சொல்லியிருக்கலாமல்ல?"

"சொல்லியிருந்தா குதிச்சிருப்பீங்க."

"குதிச்சுத்தான் இருப்பேன்" என்று ஒப்புக்கொண்டு சிரித்தார்.

எதைப் பார்த்தாலும் கேள்வி கேட்டார். இது என்ன தின்னும், எங்கே முட்டை வைக்கும், கோடையில் எங்கே போகும். வீட்டில் யாரும் அவளிடம் அப்படிக் கேட்டதில்லை. பேசப் பேச நர்மதாவுக்கு நிறுத்த முடியவில்லை. அந்த உற்சாகத்தில்தான், ஆய்வுக்கு வழிகாட்டும் பேராசிரியரையும் ஒரு சிநேகிதியையும் தவிர யாரையும் கூட்டிப்போகாத இடத்துக்கு அவரை அழைத்துப் போனாள்.

அது காட்டின் விளிம்பில் இருந்த செங்குத்தான பாறை. பாறை முழுக்க மெல்லிய ஈரம். அதன்மேல் எள்ளைத் தூவியதுபோலத் தலைப்பிரட்டைகள் ஒட்டிக்கொண்டு நகர்ந்தன.

"குட்டை இல்லாம எப்படி உசுரோட இருக்குது?" மாமா உண்மையாகவே வியந்தார்.

"இந்த ஈரம் போதுங்க மாமா. ஆனா ஒரே ஒரு கோடை பாறை காஞ்சாலும் அத்தனையும் செத்துரும். இந்தத் தவளைய இந்த மலையில வேற எங்கயும் நா பாக்கல."

"அப்ப இங்க தண்ணி வத்தறதே இல்லையா?"

"எந்தக் கோடையிலயும் வத்துனதில்லீங்க."

மாமா உள்ளங்கையைப் பாறையில் வைத்து வெகுநேரம் நின்றார். "எந்தப் பக்கமிருந்து தண்ணி வருது சாமி?"

வேலிக்கு மேலே தெரிந்த காப்பித் தோட்டத்தைக் காட்டினாள். நிலவியல் படிக்கும் அந்தச் சிநேகிதி கருவி வைத்துப் பார்த்துச் சொன்ன, தண்ணீர் ஓடிவரும் பாறை வெடிப்பு, தோட்டத்துப் பலா மரத்தை ஒட்டி ஓடுவதையும் சொன்னாள்.

"கெட்டிக்காரி! எம்பட அக்கா பெத்தது வீண் போகல" என்று அவள் தலையைத் தடவினார். நர்மதாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் சிக்னல் தேடிப் போனை எடுத்துக்கொண்டு மேட்டுக்குப் போனார். அவள் புளிசோற்றைப் பிரித்து அவருக்கு இலையில் வைத்தாள்.

இறங்கும்போது ஒரு கொண்டை ஊசி வளைவில் எதிரே பெரிய வண்டி வந்தது. மாமா காரைப் பின்னால் எடுத்து வழி விட்டார். வந்தது மாமாவின் ரிக். பின்னால் கம்ப்ரசர் லாரி. ரிக்கை ஓட்டிவந்த சென்னிமலை என்ற ஆள் மாமாவைப் பார்த்ததும் தலையை வெளியே நீட்டினான்.

"அண்ணா, பாயிண்டு எங்கீங்?"

"வேலியோரம் ஒரு பலா மரம் நிக்கும். அத ஒட்டிப் போடு. பேப்பரெல்லாம் மேனேஜர்கிட்ட இருக்குது."

வண்டிகள் கடந்து போயின. மாமா காரை எடுக்கவில்லை.

"கெஸ்ட் ஹவுஸ் கட்டற பார்ட்டி அம்மிணி. ஏற்கெனவே ரெண்டு போர் போட்டுத் தண்ணி வராம வெறும் புகை. மூணாவதும் புகைன்னா தொழில்ல தலைகாட்ட முடியாது. உங்காட்டுக்குள்ள நா கால் வெக்கல. பட்டா நெலம்."

"இதுக்குத்தான் வந்தீங்களா?"

மாமா காரின் முன்கண்ணாடியைத் துடைத்தார். "மாடு, பாம்பெல்லாங்கூட நல்லாத்தான் இருந்துச்சு."

நர்மதா இறங்கி, மேலே போகிற பஸ்ஸைக் கை காட்டி நிறுத்தி ஏறினாள். தோட்டத்து மேனேஜர் பேப்பர்களைக் காட்டினார். அனுமதி, பட்டா, எல்லாம் சரி. பேராசிரியருக்குப் போன் செய்தாள். சட்டப்படி சரியாக இருந்தால் என்ன செய்ய முடியும் என்றார். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் வெள்ளைப் புழுதி வந்தது. பிறகு சேறு. பிறகு மரத்தின் உயரத்துக்குத் தண்ணீர் பீறிட்டது. சேற்றில் நனைந்த சென்னிமலை அவளைப் பார்த்துக் கத்தினான். "அம்மிணி, சூப்பர் பாயிண்டுங்!"

மே மாதம் முடிவதற்குள் பாறை வெளிறிவிட்டது. தலைப்பிரட்டைகள் ஒட்டியபடியே காய்ந்திருந்தன. நகத்தால் தொட்டால் உதிர்ந்தன.

வீட்டில் மாமா கொடுத்தனுப்பிய சுவீட் டப்பா இருந்தது. "உம்பேரச் சொல்லித்தான் ஊரெல்லாம் பெருமை பேசறான். நீ மூஞ்சியத் தூக்கி வெச்சுட்டுத் திரியற" என்றாள் அம்மா.

பெருமை எப்படிப்பட்டது என்பது கெங்கவல்லியிலிருந்து ஒரு விவசாயி போன் செய்தபோது தெரிந்தது. பாவம், நல்ல மனிதர், தென்னை காய்கிறது என்றார்.

"தவளையப் பாத்துத் தண்ணி இருக்கற எடம் சொல்லுவீங்களாமேம்மா? உங்க மாமாதான் நம்பர் குடுத்தாரு."

அதற்குப் பிறகும் அப்படி நிறையப் பேர் கூப்பிட்டார்கள். நர்மதா நம்பரை மாற்றிவிட்டாள். இப்போது வேறொரு மலையில் வேலை செய்கிறாள். எந்த மலை என்று அம்மா கேட்கும்போதெல்லாம், "தூரம்மா" என்று மட்டும் சொல்கிறாள்.