விளிம்பு வரை ஊற்றியவள்

ஒரின்குல்லின் தலையிலிருந்து அல்மாத்தி மருத்துவமனையில் எடுத்த கட்டி, பிள்ளைகள் வைத்து விளையாடும் ஆட்டுக் கணுக்கால் எலும்பின் அளவு இருந்தது. முதல் பனி விழுவதற்குள் கணவன் செய்த்முராத் அவளை ரயிலில் எங்கள் ஊர் கஸாலிக்குக் கூட்டிவந்துவிட்டான். அடுத்த வீடு என்பதால் பெட்டியை இறக்க நானும் போனேன். மருத்துவர் சொன்னதை அவன் வாசலிலேயே சொன்னான். சத்தம் ஆகாது, கூட்டம் ஆகாது. வசந்தம் வரை வலிப்பு வராமலிருந்தால் அவள் மருந்துக்கடை வேலைக்குத் திரும்பலாம். வந்தால், அந்த வேலையை மறந்துவிட வேண்டியதுதான்.

மறுநாளே ஆட்கள் வரத் தொடங்கினார்கள். நோயாளியைப் பார்க்க வராதிருப்பது எங்களிடம் பகைக்குச் சமம். வந்தவரை வாசலோடு அனுப்புவது பகையைவிட மோசம். சித்தப்பா வீட்டார், சம்பந்தி வீட்டார், செய்த்முராத்தோடு ரயில்வே பட்டறையில் வேலை செய்பவர்கள் என்று எல்லோரும் குதிரைக்கறியும் பொரித்த மாவுருண்டையும் கொண்டுவந்து, அதையே தின்று, இருட்டும்வரை உட்கார்ந்திருந்தார்கள். அவரவருக்குத் தெரிந்த தலை நோயாளிகளைப் பற்றிப் பேசினார்கள். பெரும்பாலும் செத்துப்போனவர்கள்.

செய்த்முராத்தின் அக்கா பிபிசாராதான் எல்லாவற்றையும் நடத்தினாள். தேநீரை மட்டும் ஒரின்குல்லிடம் விட்டாள்.

"வீட்டுக்காரி இருக்கறப்ப நான் ஊத்தினா நல்லாவா இருக்கும்? உக்காந்த வேலைதானே, ஒரின்குல். மனசுக்கும் தெம்பா இருக்கும்."

ஒரின்குல் தலைத்துணியைக் காது மறைய இழுத்துக் கட்டிக்கொண்டு கெண்டியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். கிண்ணங்கள் ஒன்றோடொன்று மோதும் சத்தம் தையல் போட்ட இடத்தில் விழுவதாகக் கணவனிடம் சொல்லியிருந்தாள். அந்த வாரமே ஒரு மாலையில் அவளுடைய இடது கை தானாக வெட்டி இழுத்துக்கொண்டது. சிறிது நேரத்தில் நின்றுவிட்டது. அது வலிப்பின் முன்னறிவிப்பு என்று அல்மாத்தியிலிருந்து தொலைபேசியில் சொன்னார்கள்.

"அக்கா, கொஞ்ச நாளைக்கு யாரும் வரவேண்டாம்னு சொல்லிடலாமா?" என்று செய்த்முராத் கேட்டான்.

"சொல்லேன். அம்மா செத்தப்ப வந்த சனத்துகிட்ட, இப்ப வராதீங்கன்னு சொல்லு. எந்த முகத்தோட சொல்லுவே, அதையும் சொல்லிடு."

அவன் விறகு எடுக்கப் போனான்.

எங்கள் பக்கத்தில் விருந்தாளியின் கிண்ணத்தில் தேநீரைப் பாதிக்கும் குறைவாகத்தான் ஊற்றுவோம். தீரத் தீர ஊற்றிக்கொண்டே இருப்பதுதான் மரியாதை. விளிம்பு வரை ஊற்றினால், குடித்துவிட்டுக் கிளம்புங்கள் என்று பொருள். அப்படி யாரும் ஊற்றுவதில்லை.

முதல் கிண்ணம் தவறித்தான் நிரம்பியது. கை நடுங்கியது, கெண்டி சாய்ந்தது. வாங்கியவள் செய்த்முராத்தின் சித்தி; அதைச் சற்று நேரம் பார்த்தாள். பிறகு சிந்தாமல் குடித்து, பிரார்த்தனை சொல்லி, முகத்தை வருடிக்கொண்டு எழுந்தாள். அவளோடு வந்த எல்லோரும் எழுந்தார்கள். வெயில் இருக்கும்போதே வீடு காலியாகிவிட்டது.

மறுநாள் நிரம்பிய கிண்ணம் தவறி நிரம்பவில்லை. அதற்குப் பிறகு நிரம்பியவையும்தான்.

பிபிசாரா ஒவ்வொருவரையும் வாசல்வரை கொண்டுபோய் விட்டாள். "தப்பா நினைக்காதீங்க. தலையைத் தொறந்து மூடினவ. அளவெல்லாம் போயிடுச்சு பாவம்." திரும்பி வந்து, "குடு, இனிமே நான் ஊத்தறேன்" என்றாள்.

"உக்காந்த வேலைதானேக்கா. மனசுக்குத் தெம்பா இருக்கு."

கோபிக்க யாராலும் முடியவில்லை. வந்தார்கள், ஒரு கிண்ணம் குடித்தார்கள், இரக்கப்பட்டார்கள், போனார்கள். ஒரின்குல் பகலில் தூங்க ஆரம்பித்தாள். கை வெட்டி இழுப்பது நின்றது.

ஆனால் அளவு போய்விட்டது என்ற பேச்சு ஊர் முழுவதும் பரவி மருந்துக்கடையையும் எட்டியது. முதலாளி மக்பால் நேரில் பார்க்க வந்தாள். அன்று பிபிசாராவும் சித்தியும் இன்னும் இரண்டு பேரும் இருந்தார்கள்.

"ஊர் சொல்றதைக் கேட்டுட்டு முடிவு பண்ண நான் ஆளில்ல. ஆனா சொட்டு மருந்து குடுக்கற கை இது, ஒரின்குல். நாளைக்கு ஒரு குழந்தைக்கு ஒண்ணு ஆனா என்னைத்தான் கேப்பாங்க" என்றாள் மக்பால்.

ஒரின்குல் கிண்ணத்தை எடுத்தாள். முதலில் ஒட்டகப்பால், அதன்மேல் கறுப்புத் தேநீர். கிண்ணம் பாதிக்குச் சற்றுக் கீழே நின்றது. மக்பால் குடித்துவிட்டு நீட்டினாள். மறுபடியும் அதே அளவு. பேசிக்கொண்டே நீட்டினாள், நீட்டிக்கொண்டே இருந்தாள். சித்திக்குப் பால் கூடுதல், பிபிசாராவுக்கு உப்பு ஒரு சிட்டிகை. எதுவும் மாறவில்லை. வெளியே இருட்டியது. ஒரின்குல்லின் நெற்றியில் வியர்வை நின்றது. இடது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டு வலது கையால் ஊற்றினாள்.

கடைசியில் மக்பால் போதும் என்று கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்தாள். "பனி உருகட்டும். முதல்ல காலையில மட்டும் வா."

அவள் போனபின் சமையலறையில் யாரும் எழுந்திருக்கவில்லை. பிபிசாரா தன் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் பாதியளவு தேநீர் ஆறிப்போயிருந்தது.

"அளவு போகலையே உனக்கு."

"போகலைக்கா."

"அப்போ சித்திக்கு ஊத்தினது?"

"முதல் நாள் கை தவறிடுச்சு."

"மத்த நாளு?"

ஒரின்குல் கெண்டியைத் தள்ளி வைத்தாள். சித்தி எழுந்து கோட்டைத் தேடினாள்.

"நான் ஒருத்தி வாசல்ல நின்னு பாவம் பாவம்னு சொல்லிட்டிருந்தேன்" என்றாள் பிபிசாரா. "ஊரே சிரிக்கும். உன்னைப் பாத்து இல்ல, என்னைப் பாத்து."

"தூக்கம் வேணும்னு வாயால கேட்டிருந்தா விட்டிருப்பீங்களாக்கா?"

பிபிசாரா பூட்ஸை மாட்டினாள். அதற்கு அவளுக்கு வெகுநேரம் பிடித்தது.

மீதிக் குளிர்காலம் முழுவதும் அந்த வீட்டுக்கு எங்களைத் தவிர யாரும் போகவில்லை. நாங்களும் சுவருக்கு மேலால் ரொட்டி கொடுத்ததோடு சரி. பட்டறையில் செய்த்முராத்தை, "உன் வீட்டுல டீ ரொம்பத் தாராளமாமே" என்று சீண்டினார்கள். அவன் ஒரு தடவை சண்டைக்குப் போனான், பிறகு விட்டுவிட்டான். ஒரின்குல் தூங்கினாள். வலிப்பு வரவில்லை. பனி உருகியதும் காலை நேரங்களில் கடைக்குப் போனாள். இப்போது முழு நாளும் நிற்கிறாள்.

பிபிசாரா ரத்தக்கொதிப்பு மாத்திரையை இன்னும் ரயில் நிலையத்தை ஒட்டிய இன்னொரு மருந்துக்கடையில்தான் வாங்குகிறாள். அவளுக்கு அது தூரம்.