கோப்பையில் ஏறிய பெயர்

இன்றைக்கும் எந்த அலுவலகத்தில் விண்ணப்பப் பாரத்தை நீட்டினாலும், குடும்பப் பெயர் கேட்கும் அந்தக் கட்டத்தைக் கண்டால் பேனாவைக் கீழே வைத்துவிடுகிறேன். நமக்கு ஏது குடும்பப் பெயர்? அப்பன் பெயரின் முதல் எழுத்தை முன்னால் போட்டுக்கொள்வோம், அவ்வளவுதான். வெள்ளைக்காரன் கொடியை இறக்கிவிட்டுப் போனான். அவன் அச்சடித்த கட்டங்கள் போகவில்லை. அப்படியொரு கட்டத்தில்தான் என் அண்ணனை நான் கெடுத்தேன்.

நாடு சுதந்திரமாகிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. அண்ணன் காஜா பெராங்கில் ஒரு சீன முதலாளியின், தவுக்கே என்போம், பட்டறையில் மெக்கானிக். அப்போது தேசிய அளவில் ஒரு கார்ப் பந்தயம் நடந்தது. பந்தயத்துக்கென்றே செய்த வண்டிகள் அல்ல, குடும்பத்தோடு கோயிலுக்குப் போகிற சாதாரணக் கார்கள். ஊர் ஊராகப் போய் ஓட்டி, வருடக் கடைசியில் யாருக்குப் புள்ளி அதிகமோ அவருக்குக் கோப்பை. மரத்தில் மோதி நசுங்கிக் கிடந்த ஒரு காரைத் தவுக்கே கொடுத்தார். அண்ணன் அதை எட்டு மாதம் தட்டி நிமிர்த்தி, கதவில் தன் பெயரைத் தானே எழுதினார், முன்னெழுத்து இல்லாமல்.

ஏன் இல்லை என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை. அப்பா எங்களை விட்டுவிட்டுச் செமாபோக்கில் வேறொருத்தியோடு குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தார். கூப்பிடு தூரம் மாதிரிதான். பத்து வருடத்தில் ஒரு நாள் எட்டிப் பார்த்ததில்லை. அண்ணனுக்கு ஒரே வெறி. "ஒரு தடவையாச்சும் அந்தாளு பேரு ஒட்டாம என் பேரு மட்டும் பேப்பர்ல வரணும்" என்பார்.

ஆங்கிலப் பள்ளியில் படித்தவள் என்ற மிதப்பில் பந்தயப் பாரத்தை நான்தான் நிரப்பினேன். பள்ளியில் சொல்லிக்கொடுத்தபடி, குடும்பப் பெயர் என்ற இடத்தில் அப்பாவின் பெயரை முழுதாக எழுதினேன். தங்கச்சி எழுதினால் சரியாக இருக்கும் என்று அண்ணன் படித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார். பாவம்.

முதல் பந்தயத்திலேயே அண்ணன் ஜெயித்தார். ஒலிபெருக்கியில் அப்பா பெயரைக் கூவினார்கள். மறுநாள் பேப்பரிலும் அதே பெயர். அண்ணன் பெயர் அதற்கு முன்னால் ஒற்றை எழுத்தாகச் சுருங்கிக் கிடந்தது. அண்ணன் பந்தயம் நடத்துகிறவர்களிடம் போய்ப் பெயரை மாற்றச் சொல்லிக் கேட்டார். பட்டியலெல்லாம் அச்சாகிவிட்டது, அடுத்த வருடம் மாற்றிக்கொள்ளலாம் என்று தோளில் தட்டி அனுப்பிவிட்டார்கள். அண்ணனும் நம்பி ஓட்டினார். ஜெயிக்க ஜெயிக்க அந்தப் பெயர்தான் வளர்ந்தது. செமாபோக் காப்பிக்கடையில் அப்பா பேப்பரை விரித்துவைத்து, "யாரு பேரு, பாத்தியா?" என்று போகிறவன் வருகிறவனையெல்லாம் கேட்டாராம். நோகாமல் நுங்கு தின்கிற ஜென்மம்.

கடைசிப் பந்தயம் முடிந்து அண்ணன்தான் சாம்பியன் என்று அறிவித்த அதே மேடையில், இனி இந்தப் போட்டியே கிடையாது என்றும் அறிவித்தார்கள். பணம் போட ஆளில்லையாம். அண்ணன் என்னைத் திட்டவில்லை. நாலு அறை விட்டிருந்தால்கூடத் தேவலை. காரைத் தவுக்கேயிடம் ஒப்படைத்துவிட்டு, பழையபடி ஊரார் வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டார். என்னோடு பேசுவதும் குறைந்துபோனது.

இரண்டு வாரம் கழித்துக் கோப்பை வீட்டுக்கு வந்தது, பேப்பரில் வந்த அதே பெயர் பொறித்து. அம்மாவுக்கு எந்த மொழியிலும் எழுதப் படிக்கத் தெரியாது. கோப்பையைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு, என்னய்யா எழுதியிருக்கிறது என்று அண்ணனைக் கேட்டாள். அண்ணன் என்னைப் பார்த்தார்.

"அவதானே எழுதுனா. அவளே படிக்கட்டும்."

நான் அண்ணனின் பெயரைச் சொன்னேன். அம்மா முந்தானையால் அந்த எழுத்துகளை அழுத்தித் துடைத்து, அவற்றின் மேல் குங்குமம் வைத்து, இரண்டு கையாலும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.