சாம்பிள் அக்காவின் கால்

அந்தக் கடையில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற ஆள் ஒருவரும் கிடையாது. சாம்பிள் அக்கா, அவ்வளவுதான். புதிதாக வேலைக்குச் சேரும் பெண்கள் முதல் நாள் திருதிருவென்று முழிப்பார்கள், இது என்ன பட்டம் என்று. விஷயம் இதுதான். பெண்களுக்கான ஹை ஹீல்ஸும் பூட்ஸும் செய்கிறவர்கள் புது மாடலைக் காட்ட வரும்போது எல்லா அளவிலும் செய்துகொண்டு வர மாட்டார்கள். ஒரே ஓர் அளவில் ஒரு ஜோடி கொண்டு வருவார்கள். அதுதான் சாம்பிள். அந்த அளவை வைத்துத்தான் ஆண்டவன் இவள் காலைப் படைத்தானோ என்னவோ, எந்தக் கம்பெனி சாம்பிளும் இவளுக்குக் கனகச்சிதமாகப் பொருந்தும்.

அதனால் கடையில் ஒரு வழக்கம். முதலாளியம்மா எந்த மாடலையும் இவள் அரை நாள் போட்டு நடக்காமல் வாங்கியதில்லை. காலையில் சாம்பிளை மாட்டினால், மத்தியானம் வரை அதிலேயே மாடிப்படி ஏறுவாள், ஸ்டூல் மேல் நின்று பெட்டி எடுப்பாள், வாடிக்கையாளர் முன் குந்தி உட்கார்ந்து எழுந்திருப்பாள். சாப்பாட்டு நேரத்தில் தீர்ப்பு வரும். "சுண்டுவிரலைப் போட்டு நசுக்குது, வேணாம்." "குதி கழண்டு கழண்டு வருது." "இது நல்லா இருக்கு, ஆனா வார் ரெண்டு மாசத்துல அறுந்துடும்." கம்பெனிக்காரர்கள் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு பரீட்சை ரிசல்ட்டுக்கு நிற்பதுபோல நிற்பார்கள். "உங்க காலுக்கு ஏதாவது லஞ்சம் கொடுக்கலாமாக்கா?" என்று ஒருவர் கேட்டே விட்டார்.

வாய் என்றால் அப்படி ஒரு வாய். ஒரு அளவு சின்னதாகக் கொடுங்கள், அதுதான் அழகாக இருக்கிறது என்று யாராவது கேட்டுவிட்டால் போச்சு. "உங்க கால் என்ன சொன்ன பேச்சு கேக்குற பிள்ளையா? சின்னதா ஆகிக்கோன்னா ஆகிடுமா?" என்பாள். இரண்டு காலையும் தனித்தனியாக அளப்பாள். ஒரு கால் எப்போதும் கொஞ்சம் பெரிது, பெரியதற்குத்தான் வாங்க வேண்டும் என்பது அவள் சட்டம். காலையில் வருகிறவர்களைச் சாயங்காலம் வரச் சொல்லி அனுப்புவாள், நாள் முழுக்க நின்ற கால்தான் உண்மையைச் சொல்லும் என்று. விற்ற பிறகும் விட மாட்டாள். "பூட்ஸை மடிச்சுக் கட்டிலுக்கு அடியில தள்ளாதீங்க, பழைய பேப்பரைச் சுருட்டி உள்ள விட்டு நிக்க வைங்க. ஹீல் ரப்பர் தேயுறப்பவே மாத்திடுங்க. கட்டை தேஞ்சப்புறம் வந்து என்கிட்ட மூக்கைச் சிந்தாதீங்க."

இத்தனைக்கும் அவளைத் தேடித்தான் வந்தார்கள். அம்மா வந்தால் அடுத்த வருஷம் மகளையும் கூட்டி வந்தாள். "அக்கா போட்டுப் பார்த்ததா?" என்பதுதான் முதல் கேள்வி. ஆமாம் என்றால் பேச்சுக்கே இடமில்லை, பில் போட வேண்டியதுதான்.

இந்தக் கால்தான் மோசம் செய்தது.

முதலில் தெரிந்தது நடுத்தெருவில். வேலை முடிந்து வீட்டுச் செருப்பில் போய்க்கொண்டிருந்தாள். "அம்மா, செருப்பு! செருப்பும்மா!" என்று பின்னால் யாரோ கத்த, எந்த மகராசி செருப்பை விட்டாளோ என்று இவளும் வேடிக்கையாகத் திரும்பிப் பார்த்தாள். பார்த்தால் பழக்கடைக்கு எதிரே அநாதையாகக் கிடந்தது இவளுடைய இடது செருப்பு. அத்தனை தூரமும் ஒரு கால் வெறும் காலாக நடந்து வந்திருக்கிறாள், தெரியவே இல்லை. சிரித்துச் சமாளித்துவிட்டுப் போய் எடுத்து மாட்டிக்கொண்டாள். மறுநாளே டாக்டரிடம் போனாள்.

சர்க்கரை ரொம்ப நாளாகவே உண்டு. மாத்திரையை ஞாபகம் வந்தால் போடுவாள். டாக்டரம்மா அவளைப் படுக்க வைத்து, கண்ணை மூடச் சொல்லி, உள்ளங்காலை ஏதோ ஒரு மெல்லிய கம்பியால் சோதித்தார்.

"இப்ப தொடுறது தெரியுதா?"

"தெரியுது."

"இப்ப?"

"நல்லாவே தெரியுது டாக்டர்."

"நான் இன்னும் தொடவே இல்லையேம்மா" என்றார் டாக்டரம்மா.

கேட்டீர்களா கூத்தை. டாக்டரிடமே காப்பியடிக்கப் பார்த்திருக்கிறாள். அவர் திட்டவில்லை. நிதானமாகச் சொன்னார்: காலில் உணர்ச்சி போய்விட்டது, இனி ஹீல்ஸ் கூடாது, அகலமான தட்டைச் செருப்புதான், தினமும் உள்ளங்காலை யாரையாவது பார்க்கச் சொல்ல வேண்டும், புண் வந்தால் வலிக்காது, வலிக்காததால் முற்றும், முற்றினால் காலையே எடுக்க வேண்டி வரும்.

அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. லாரி ஓட்டும் கணவன் வீட்டில் இருக்கும் நாளே குறைவு. வந்தவனிடம் "எல்லாம் நார்மல்" என்று சொல்லிவிட்டாள். மகளிடமும் அதேதான். கடையிலோ, விற்கிற பெண்கள் எல்லாரும் ஹீல்ஸில்தான் நிற்க வேண்டும் என்பது முதலாளியம்மாவின் கறார் உத்தரவு. அதைவிடப் பெரிய பயம் வேறு. அந்தக் கடையில் அவளைவிடச் சின்ன வயசுக்காரிகள், சிரித்துப் பேசத் தெரிந்தவர்கள், முட்டி வலிக்காமல் குந்தி எழுகிறவர்கள் எத்தனையோ பேர். அவர்களிடம் இல்லாதது அவளிடம் ஒன்றே ஒன்றுதான். அது செத்துப்போய்விட்டது என்று தெரிந்தால், மறுநாளே நடையைக் கட்டச் சொல்லிவிடுவார்கள் என்று நினைத்தாள். வேலை போவதுகூட அப்புறம். சாம்பிள் அக்கா இல்லையென்றால் தான் யார் என்று அவளுக்கே தெரியவில்லை.

ஆகவே நடிக்க ஆரம்பித்தாள். சாம்பிளை மாட்டிக்கொண்டு வழக்கம்போல மாடிப்படி ஏறினாள். காலுக்குத் தெரியாததைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள், செருப்பின் தோல் எங்கே மடிகிறது என்று கண்ணாடியில் பார்த்தாள், மீதியை வாய்க்கு வந்தபடி அடித்துவிட்டாள். சில நேரம் சரியாகவும் வந்தது. அந்தத் தைரியத்தில்தான் முனை கூர்ந்த அந்தக் கறுப்பு ஹீல்ஸ் வந்தபோது, அரை நாள் நடந்துவிட்டு, "பூ மாதிரி இருக்கு" என்றாள். முதலாளியம்மா எல்லா அளவிலும் வாங்கி அடுக்கினார். இவளும் மகளுக்கு ஒரு ஜோடி எடுத்துப் போனாள். மகள் அப்போதுதான் ஒரு ஹோட்டல் ரிசப்ஷனில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். நாள் முழுக்க நிற்கிற வேலை, ஹீல்ஸ் கட்டாயம்.

கொஞ்ச நாளில் கறுப்பு ஹீல்ஸ் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தது. பிளாஸ்டர் ஒட்டிய குதிகாலோடு ஒருத்தி, விரல் நகம் கன்றிப்போய் ஒருத்தி.

"என்ன இது? நீ போட்டுப் பார்த்ததுதானே?" என்றார் முதலாளியம்மா.

"இப்ப இருக்கிற பொண்ணுங்களுக்குப் பொறுமையே இல்லம்மா. புதுசுன்னா அப்படித்தான், போகப் போகப் பழகிடும்."

பழகிடும் என்று மற்ற கடைக்காரர்கள் சொன்னால் காறித் துப்பாத குறையாகத் திட்டுகிறவள் அவள். அந்த வார்த்தை தன் வாயிலிருந்தே வந்ததும் அவளுக்கு முகத்தை எங்கே கொண்டு வைப்பதென்று தெரியவில்லை. பெட்டிகளை அடுக்குவதாகப் பாவனை செய்துகொண்டு ஸ்டோர் ரூமுக்குள் போய் நின்றாள்.

அன்று சாயங்காலம் வீட்டில் பக்கெட் எடுக்கக் குளியலறைக் கதவைத் தள்ளினாள். மகள் ஸ்டூலில் உட்கார்ந்து இரண்டு காலையும் வெந்நீரில் விட்டிருந்தாள். அம்மாவைப் பார்த்ததும் வெடுக்கென்று காலை இழுத்துக்கொண்டாள். ஆனால் காலைப் பார்ப்பதையே பிழைப்பாக வைத்திருப்பவளுக்கு ஒரு பார்வை போதாதா? குதிகாலில் தோல் உரிந்து சிவந்திருந்தது. இரண்டு சுண்டுவிரல் நகமும் கறுத்திருந்தன.

"ஏன்டி சொல்லலை?"

"ஒண்ணுமில்லம்மா, விடு."

"இது ஒண்ணுமில்லையா? ஏன்டி, நான் என்ன யாரோவா? செருப்புக் கடையில வேலை பார்க்கிறவ பொண்ணு காலு இப்படியா இருக்கணும்? முதல் நாளே கடிக்குதுன்னு சொல்ல வேண்டியதுதானே?"

மகள் காலைத் துண்டால் மூடிக்கொண்டாள். "நீ போட்டுப் பார்த்துட்டு பூ மாதிரி இருக்குன்னு சொன்னியேம்மா. உன் கால் தப்பாவா சொல்லும்? என் கால்லதான் ஏதோ கோளாறுன்னு நினைச்சுட்டேன்."

அவள் பக்கெட்டை அங்கேயே வைத்துவிட்டு வெளியே வந்தாள். மகள் பின்னாலேயே வந்து, "கோபமாம்மா?" என்று கேட்டாள். இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினாள். அந்தக் கறுப்பு ஹீல்ஸ் வாங்கிப் போன பெண்கள் எல்லாரும், தங்கள் காலை நம்பாமல் இவள் காலை நம்பி, எத்தனை வீட்டில் இப்படி வெந்நீரில் காலை விட்டு உட்கார்ந்திருக்கிறார்களோ!

மறுநாள் கடை திறந்ததும் முதலாளியம்மா ஒரு பூட்ஸ் சாம்பிளோடு காத்திருந்தார். முழங்கால் வரை ஏறும் பூட்ஸ், பக்கத்தில் ஜிப், மெல்லிய ஹீல். "போட்டு நடந்து பாரு. மத்தியானத்துக்குள்ள அவங்களுக்குப் பதில் சொல்லணும்."

அவள் மாட்டிக்கொண்டாள், பழக்கதோஷம். நாலு நடை நடந்தாள். பிறகு முதலாளியம்மாவின் கையைப் பிடித்து ஸ்டோர் ரூமுக்குள் கூட்டிப் போய், கதவைச் சாத்தி, எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். சர்க்கரை, டாக்டரம்மா, கம்பி, கறுப்பு ஹீல்ஸ், எல்லாம். சொல்லி முடித்துவிட்டு, போ என்ற வார்த்தைக்குக் காத்திருந்தாள்.

முதலாளியம்மா சிரித்துவிட்டார். "அட அசடே! இதுக்கா இத்தனை நாள் பயந்து செத்தே? உன்னைப் போய் நான் அனுப்புவேனா?"

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது, நிம்மதியில். "இல்லம்மா, இனிமே என் காலுக்கு ஒண்ணும் தெரியாது..."

"தெரியாட்டா என்ன? அக்கா போட்டுப் பார்த்தாங்கன்னு சொன்னா வாங்கிட்டுப் போறாங்க. நீ போட்டு நட. நல்லா இருக்குன்னு சொல்லு. அது போதும். யாருக்குத் தெரியப் போகுது?" முதுகில் தட்டிக் கொடுத்துவிட்டு வெளியே போனார்.

அவள் பெட்டிகளுக்கு நடுவே நின்றாள். வந்த நிம்மதி அப்படியே வற்றிப் போனது. வேலை பிழைத்தது. ஆனால் இத்தனை வருஷம் படியேறி இறங்கி, கொப்புளம் வந்து, ஒவ்வொரு செருப்புக்கும் உண்மை சொன்னாளே, அது இந்த அம்மாளுக்கு ஒரு பொருட்டாகவே இருந்ததில்லையா? அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

வெளியே வந்தபோது ஒரு பெண் கறுப்பு ஹீல்ஸைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றிருந்தாள். மகள் வயசுதான். இன்டர்வியூவுக்குப் போக வேண்டுமாம். இவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "நீங்கதானே அந்த அக்கா? போட்டுப் பார்த்தீங்களாமே, உங்களுக்கு எப்படி இருந்துச்சு?"

பில் போடும் மேஜையிலிருந்து முதலாளியம்மா புன்னகையோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு ஒண்ணும் தெரியலைம்மா" என்றாள் அவள். கடை முழுக்கக் கேட்கும்படி அப்படிச் சத்தமாகச் சொல்ல வேண்டுமென்று நினைக்கவில்லை. வந்த வேகம் அப்படி. "என் காலுக்கு உணர்ச்சி செத்து மாசக்கணக்காச்சு. பூ மாதிரி இருக்குன்னு நான் சொன்னது பச்சைப் பொய். உனக்கு எங்க கடிக்குது, அதைச் சொல்லு."

அந்தப் பெண் தயங்கினாள். "விரல் ரொம்ப நெருக்குதுக்கா. நான்தான் ஏதோ..."

"கழட்டு. முதல்ல கழட்டு."

முதலாளியம்மாவின் புன்னகை போய்விட்டது. அந்தப் பெண் ஒரு ஹீல்ஸைக் கழற்றிக் கையில் எடுத்தவள், குனிந்தபடியே நின்றுவிட்டாள். "அக்கா... உங்க கால்ல..."

பூட்ஸின் ஜிப் ஓரமாக ரத்தம் கசிந்து வெள்ளைத் தரையில் சொட்டியிருந்தது. ஸ்டோர் ரூம் வாசலிலிருந்து அவள் நின்ற இடம் வரை பொட்டுப் பொட்டாகத் தடம். கூட வேலை பார்க்கும் பெண்கள் ஓடி வந்து அவளை உட்கார வைத்து ஜிப்பை இறக்கினார்கள். சாக்ஸ் ஊறிப் போயிருந்தது. உள் அட்டையைத் துளைத்துக்கொண்டு ஹீல் ஆணி ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. அவ்வளவு நேரமும் அதன் மேல்தான் நின்று பேசியிருக்கிறாள். முதலாளியம்மா மருந்துப் பெட்டியோடு வந்து, அதைத் திறக்கக்கூடத் தோன்றாமல் நின்றார்.

இன்டர்வியூவுக்குப் போக வேண்டிய பெண் தரையில் உட்கார்ந்து, தன் கைக்குட்டையால் காயத்தை அழுத்திப் பிடித்தாள். "வலிக்குதாக்கா?"

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். இந்த முறை ஏமாற்ற அல்ல. உள்ளங்காலிலிருந்து ஏதாவது ஒரு சேதி வராதா என்று உண்மையாகவே காத்துப் பார்த்தாள். எல்லாரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"இல்லைம்மா" என்றாள். வலிக்கவில்லையே என்றுதான் அவள் ஓவென்று அழுதாள். அழுது ஓய்ந்த பிறகு, பக்கத்தில் நின்றவளிடம் தன் போனை நீட்டினாள்.

"என் பொண்ணுக்குப் போன் போடு. ஆஸ்பத்திரிக்குப் போகணும், உடனே வரச் சொல்லு. தட்டைச் செருப்பு போட்டுட்டு வரச் சொல்லு."